அது மலையன்று: தங்கவயலின் சயனைடு மேடுகளும் ஒரு சொல்லும்

 

கோலார் தங்கவயலில் வழங்கும் தமிழை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களிடம் தொழிற்சொற்களையும் இடப்பெயர்களையும் திரட்டுவது என் களப்பணியின் ஒரு பகுதி. சென்ற ஆண்டு சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு லைன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். அரைவை மில்லில் முப்பது ஆண்டுகள் உழைத்த பெரியவர் ஒருவர், என் குறிப்பேட்டில் 'சயனைடு மலை' என்றிருந்ததைக் கண்டு கையசைத்து நிறுத்தினார். "மலைன்னு எழுதாத பாப்பா. அது நாங்க அரைச்சுக் கொட்டுன மண்ணு. டம்ப்புன்னு எழுது" என்றார். அப்படியே எழுதிக்கொண்டு, பக்கத்தில் 'மாற்று வழக்கு' என்று குறித்துவைத்தேன். அவர் எனக்குத் தந்தது மாற்று வழக்கன்று, ஓர் உண்மை விவரம் என்பது எனக்கு விளங்கச் சில மாதங்கள் ஆயின.

இப்பதிவு மண்ணரிப்பைப் பற்றியது. என் துறை மொழியியல், மண்பொறியியல் அன்று. ஆகவே துறைசார் நண்பர்கள் பிழை கண்டால் தயங்காது திருத்துக. எனினும், இந்தச் சிக்கலின் ஒரு முனை என் துறைக்குள்தான் கிடக்கிறது என்று நம்புவதால் எழுதுகிறேன்.

தங்கவயலுக்கு வந்திராதவர்களுக்குச் சிறு அறிமுகம். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் இங்கே சுரங்கப் பொறுப்பேற்றதிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது. இந்தத் தங்கத்தின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். தங்கம் நீங்கிய பாறை எங்கே போயிற்று என்று கேட்பவர் குறைவு. 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சயனைடு முறைக்கு, பாறையை மாவுபோல் அரைத்தாக வேண்டும். அரைத்த மாவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைசலோடு வந்துவிடும், மாவு எஞ்சும். அந்த மாவைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குவித்தார்கள். இன்று பதின்மூன்று மேடுகள், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்பு, 3.3 கோடி டன் என்பது அரசு ஆவணங்கள் தரும் கணக்கு. முப்பது மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்பவையும் உண்டு. அடிவாரத்திலிருந்து பார்த்தால் வெளிர்சாம்பல் நிறத்தில், உச்சியிலிருந்து கீழ்வரை ஆயிரம் கீறல்களோடு, வேற்றுக் கோளின் நிலத்தோற்றம்போல் இருக்கும். படப்பிடிப்புக் குழுக்கள் இங்கே தேடிவருவதற்குக் காரணம் அந்தக் கீறல்கள். அவை மண்ணரிப்பின் தழும்புகள் என்பதைத் திரையில் யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

முதலில் 'சயனைடு' என்ற பெயரைப் பற்றி. அச்சொல் நம் கவனத்தைத் தவறான இடத்துக்கு இழுக்கிறது. சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். உலோகங்களோடு பிணைந்த சில சேர்மங்கள் மட்டும் நெடுநாள் தங்கும். மேட்டில் நிலையாக எஞ்சுவது வேறு: நுண்ணிய சிலிக்கா, சல்பைடுக் கனிமங்கள், அவற்றோடு வரும் உலோகங்கள். நஞ்சு என்று கேட்டவுடன் 'தொட்டால் செத்துவிடுவோமா?' என்று அஞ்சுகிறோம். தொட்டவர் சாகவில்லை என்றதும் 'ஒன்றுமில்லை' என்று திரும்பிவிடுகிறோம். இடர் இருப்பது தொடுவதில் அன்று, அந்த மாவு இடம்பெயர்வதில்.

அது எவ்வாறு இடம்பெயர்கிறது? இயற்கை மண்ணில் மட்கு உண்டு, களி உண்டு, வேர் உண்டு. துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும். அரைத்த பாறையில் இவை எதுவுமில்லை. கோலார் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் பெரும்பங்கு புரட்டாசி, ஐப்பசியில் ஒருசில கனமழைகளாக இறங்குகிறது. முதலில் துளி விழுந்த வேகத்தில் துகள் தெறிக்கும். தெறித்த துகள் மேற்பரப்பின் நுண்துளைகளை அடைப்பதால் நீர் உள்ளிறங்காமல் வழியும். வழியும் நீர் விரல் அகலக் கீற்றுகளாகப் பிரியும். அடுத்த மழைக்குக் கீற்றுகள் இணைந்து வாய்க்காலாகும். சில ஆண்டுகளில் ஆள் இறங்கி மறையுமளவு பள்ளமாகும். மேட்டின் தட்டையான உச்சியில் தேங்கும் நீர் ஓரத்தில் ஒரு தாழ்வு கண்டதும் அவ்வழியே ஒருமுகமாகப் பாய்வது எல்லாவற்றினும் கொடிது. சரிவில் நேராக விழும் மழையைக் காட்டிலும், உச்சியிலிருந்து வழிந்திறங்கும் நீரே பெரும்பள்ளங்களைத் தோண்டுகிறது.

மழை ஓய்ந்தபின் காற்றின் முறை. எங்கள் பாட்டி ஆனி, ஆடி மாதங்களில் குடிநீர்ப் பானையின் வாயை ஈரத்துணியால் கட்டிவைப்பார். மாலையில் அந்தத் துணியை உதறினால் வெளிர்சாம்பல் தூள் உதிரும். சோற்றில் பல்லுக்கு நறநறவென்று தட்டுப்பட்டால் "மேடு வந்துட்டுது" என்பார். அந்தத் தொடரை அகராதிக் குறிப்பாகப் பதிவு செய்ய எனக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. மண் வரவில்லை, தூசி வரவில்லை. மேடே வீட்டுக்குள் வந்திருக்கிறது. மண்ணரிப்பை இதைவிடச் சரியாகச் சொல்லும் கலைச்சொல்லை நான் இன்னும் காணவில்லை.

சுரங்கத்தினுள் சிலிக்கா தூசியை உண்டவர்களின் நுரையீரல் என்னவாயிற்று என்பது தங்கவயலில் ஒவ்வொரு லைனுக்கும் தெரியும். 1940-களின் மருத்துவ ஆய்வுகளே இங்கே சிலிக்கோசிஸ் பரவலாக இருந்ததைப் பதிவு செய்தன. சுரங்கத்தினுள் அடைபட்ட தூசியையும் வெளிவெளியில் பறக்கும் தூசியையும் ஒரே தட்டில் வைத்து நான் நிறுக்கவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்யவேண்டியவர்கள் பொதுநல மருத்துவர்கள். ஆனால், தூசி என்றால் என்னவென்று பட்டறிந்த ஊர் இது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இனி, அண்மையில் என்னைச் சினங்கொள்ள வைத்த ஒரு காட்சி. பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை, 2024-இன் இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தங்கவயலுக்கு அருகிலேயே அது செல்கிறது. அச்சாலையின் மண்கரையைக் கவனித்தேன். சாலையின் ஓரத்தில் மழைநீரைத் திரட்டும் விளிம்பு, திரட்டிய நீர் சரிவை அறுக்காமல் இறங்கக் காங்கிரீட் சறுக்குவடிகால், சரிவில் புல். யாரோ ஒரு பொறியாளரின் நற்குணத்தால் இவை அமையவில்லை. கரைச்சரிவுகளை அரிப்பிலிருந்து காப்பதற்கென்றே இந்தியச் சாலைப் பேரவை ஐ.ஆர்.சி. 56 என்னும் வழிகாட்டு நெறியை வைத்திருக்கிறது. 2011-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. சில மீட்டர் உயரக் கரைக்கு நெறிநூல் இருக்கிறது, ஒப்பந்ததாரர் இருக்கிறார், பராமரிப்புக் காலம் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவில், அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த, அதைவிட நொய்ந்த மண்ணால் ஆன சரிவு, குடியிருப்புகளை ஒட்டி, மேலே ஒரு வரப்புகூட இல்லாமல் நிற்கிறது.

இரண்டும் மனிதர் கொட்டிய மண்தான். ஒன்றைக் கரை என்கிறோம். மற்றொன்றை மலை என்கிறோம். என் துறைக்குள் கிடக்கும் முனை என்று நான் முன்னே சொன்னது இதுவே.

'மலை' என்ற பெயர் ஒரு பொருளைக் கட்டுமானங்களின் வரிசையிலிருந்து பெயர்த்து இயற்கையின் வரிசையில் வைத்துவிடுகிறது. கட்டுமானத்துக்கு உடைமையாளர் உண்டு, வடிவமைப்பு உண்டு, பழுது உண்டு. பழுது என்றால் பழுது பார்க்கவேண்டியவர் யார் என்ற வினா தானே எழும். மலைக்கு இவை எதுவுமில்லை. அது தேயும், தேய்வது அதன் இயல்பு. வினைச்சொற்களும் உடனே பெயரின் பின்னே அணிவகுக்கின்றன. நான் திரட்டிய பேச்சுப் பதிவுகளில் இளையோர் 'மலை கரையுது', 'மலை சரியுது', 'தூள் பறக்குது' என்கிறார்கள். யாவும் தன்வினைகள், செய்பவர் இல்லாத வினைகள். மில்லில் உழைத்த முதியோரின் வாக்கியங்களோ வேறு: 'கொட்டினோம்', 'ஏத்தினாங்க', 'தண்ணி கட்டுவாங்க', 'அப்படியே விட்டுட்டாங்க'. எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. ஒரு தலைமுறை மறைய மறைய ஓர் ஊரின் வாக்கியங்களிலிருந்து எழுவாயும் மறைந்துகொண்டிருக்கிறது. இது சிறு மாதிரி. இதைக்கொண்டு பெரிய கோட்பாடு கட்டமாட்டேன். ஆனால் மேட்டுக்கு ஒரு கூடை கல் போடவேண்டும் என்று நகரவையில் குரல் எழாததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று என்னால் எண்ண முடியவில்லை. (கரை என்னும் பெயரும் கரைதல் என்னும் வினையும் ஒலியில் ஒன்றாக இருப்பதைச் சுட்டி ஒரு தோழி வியந்தாள். ஒலி ஒப்புமையைக்கொண்டு வேர் காண்பது எம் துறையில் பெரும்பாவம் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

சட்டமும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்தது. சுரங்கத்தை மூடுவோர் மூடல் திட்டம் தரவேண்டும், நிலத்தைச் சீர்செய்வதற்கு நிதி உறுதி தரவேண்டும் என்ற கட்டாயம் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளில் 2003-இல்தான் சேர்ந்தது. தங்கவயல் 2001-இலேயே மூடப்பட்டுவிட்டது. இரண்டாண்டு இடைவெளியில் 3.3 கோடி டன் மண் நழுவி விழுந்தது.

'அதுதான் ஆண்டுதோறும் மரம் நடுகிறார்களே' என்பீர்கள். நடுகிறார்கள். குழி தோண்டி, கன்று வைத்து, படம் எடுத்துச் செல்கிறார்கள். தழைச்சத்தும் மட்கும் இல்லாத, நீரைப் பிடித்துவைக்காத மாவில், முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவில், காற்றோடு பறக்கும் துகள்கள் இளந்தண்டை மணற்தாள்போல் தேய்க்கும் இடத்தில், கன்று எப்படிப் பிழைக்கும்? முதலில் மேட்டின் வடிவம், அடுத்து நீரின் வழி, அதன்பின் மேற்போர்வை, இறுதியிலேதான் தாவரம். நாம் இறுதியில் தொடங்கி இறுதியிலேயே முடித்துக்கொள்கிறோம்.

இம்முறைகள் ஒன்றும் புதியன அல்ல. உச்சியைச் சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பிட்டால் மழைநீர் ஆங்காங்கே நின்று வற்றும், ஓரம் தாண்டாது. மிகுநீர் இறங்கக் கல் பாவிய வடிகால் வேண்டும். சரிவை மூன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குத் தணித்து, இடையிடையே படித்தளம் விடவேண்டும். அடிவாரத்தில் கம்பிவலைக் கல்சுவரும், கரைந்து வருவதைப் பிடிக்க வண்டல் குட்டையும் வேண்டும். போர்வைக்கு வெளியே அலையவும் வேண்டாம். சுரங்கத்திலிருந்து அரைக்காமல் ஒதுக்கிய கருங்கல் இதே ஊரில் குவிந்து கிடக்கிறது. ஒரு சாண் கனத்துக்குக் கல் பரப்பினால், துளியின் அடியையும் காற்றின் இழுப்பையும் அதுவே தாங்கிக்கொள்ளும். வேர் பிடிக்கும்வரை மண்ணைக் கட்டிவைக்கத் தென்னைநார் விரிப்பு போதும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மட்கி, தானே சிறிது மட்கையும் தந்துவிட்டுப் போகும். ஊரகச் சாலைத் திட்டத்தில் தென்னைநார் விரிப்பைப் பயன்படுத்த 2020-இல் நடுவணரசு ஒப்புதல் அளித்தது நினைவிருக்கலாம். பொள்ளாச்சி இங்கிருந்து ஒருநாள் லாரிப் பயணம்.

தாவரத்துக்கு வந்தால் வெட்டிவேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வரை சென்று உலகமெங்கும் வெட்டிவர் என்றே வழங்கும் நம் சொல். கர்நாடகத்தின் குண்டுலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாக வயல்வரப்புகளில் இதை வேலியாக வளர்த்துவந்தார்கள். 1980-களில் உலக வங்கியின் மண்வள அலுவலர்கள் அதைக் கண்டுதான் மண்காப்புக்கு இப்புல்லை உலகெங்கும் பரப்பினார்கள். செங்குத்தாகக் கீழிறங்கும் வேர், உலோகம் மிகுந்த மண்ணையும் தாங்கும் இயல்பு, உறிஞ்சிய உலோகத்தின் பெரும்பகுதியை இலைக்கு அனுப்பாமல் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும் பண்பு ஆகியவற்றால் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சீனா ஆகிய நாடுகளில் சுரங்கக் கழிவு மேடுகளிலும் நட்டிருக்கிறார்கள். இங்கேதான் பெயர் குறுக்கே வருகிறது. வெட்டியெடுக்கும் வேர் என்று பெயரிட்டவர்கள் நாம். மணத்துக்காகத் தோண்டி விற்பதே நமக்குத் தெரிந்த பயன். தங்கவயல் மேட்டில் வளரும் வெட்டிவேரை வெட்டவே கூடாது. வெட்டினால் சரிவு பெயரும். அந்த வேரில் உலோகம் இருக்கும். அது பானை நீருக்குள் போய்ச்சேரும். ஆகவே புல்லை நடுவதோடு காவலும் வேலியும் அறிவிப்பும் சேர்ந்தே வரவேண்டும். வேலை தேடி நாள்தோறும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் செல்லும் இவ்வூர் மக்களுக்கு, அந்தக் காவலும் பராமரிப்பும் ஊரிலேயே வேலையாகவும் அமையலாம்.

இவற்றையெல்லாம் பெரிய அளவில் செய்துபார்த்த ஊர் ஜோகன்னஸ்பர்க். அங்கும் நகரத்தை ஒட்டித் தங்கக் கழிவு மேடுகள். சுரங்க முதலாளிகளின் சங்கமே ஒரு தாவரப் பிரிவை வைத்து, நாணல் தட்டிகளைக் காற்றுத்தடுப்பாக நிறுத்தி, அமிலத்தை நீர்தெளித்துக் கழுவி, மேடுகளில் புல் வளர்த்தது. முழு வெற்றி என்று சொல்லமுடியாது. பராமரிப்பு நின்ற மேடுகள் மீண்டும் பறக்கின்றன. சொவேட்டோ ஓரத்து மக்கள் இன்றும் தூசியைப் பற்றி முறையிடுகிறார்கள். ஆயினும் அங்கே அது ஒரு வேலை என்று கருதப்பட்டது, அதற்கு ஆள் வைக்கப்பட்டது. அதே நாடு மற்றொன்றையும் கற்பித்தது. 1994 பிப்ரவரி 22 இரவு, கனமழைக்குப்பின் மெரிஸ்ப்ருய்ட் குடியிருப்பின் மேலிருந்த கழிவணை உடைந்து பதினேழு பேர் இறந்தனர். அது நீர் நிறைந்த அணை, எங்கள் மேடுகள் வறண்டவை, இரண்டும் ஒன்றல்ல. நான் ஒப்பிடுவது விபத்தை அன்று, அதற்கு முன்னிருந்த மனநிலையை: வீட்டுக்கு மேலே நிற்பது ஒரு கட்டுமானம் என்பதை அனைவரும் மறந்திருந்த அந்த மனநிலையை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதம், இந்தப் பதின்மூன்று மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தை எடுக்கும் நடுவணரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊரில் மகிழ்ச்சி, வேலை வரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை எள்ளுவதற்கு எனக்கு உரிமையில்லை. நான் அதை எதிர்க்கவும் இல்லை. ஆனால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இந்த மண்ணில் தங்கம் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அதாவது 3.3 கோடி டன் மண்ணைத் தோண்டி, குழம்பாக்கி, தங்கம் முழுவதையும் எடுத்தபின்னும் மிஞ்சுவது 3.3 கோடி டன். மேடு மறையாது, இடம் மாறும். ஜோகன்னஸ்பர்க்கிலும் பழைய மேடுகளை நீர்ப்பீரங்கியால் கரைத்து, குழாய்வழி கொண்டுபோய், வேறிடத்தில் இன்னும் பெரிய மேடாகத்தான் குவித்தார்கள்.

ஆகவே 'எப்படியும் தோண்டப்போகிறார்கள், இப்போது கல் பரப்புவது வீண்செலவு' என்ற வாதத்தை ஏற்க இயலவில்லை. அந்த 'எப்படியும்' இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீள்கிறது. உச்சி வரப்பும் அடிவாரக் குட்டையும் காற்றுத்தடுப்பும் பெருஞ்செலவல்ல. தோண்டும் நாள் வரை அவை காக்கும். புதிய மேடு எங்கே, எந்தச் சரிவில், எந்தப் போர்வையோடு அமையும், முப்பது ஆண்டுகளுக்கு யார் பராமரிப்பார், அதற்கான பணம் முன்கூட்டியே எங்கே வைக்கப்படும் என்பவை ஒப்பந்த ஆவணத்தில் தங்கத்தின் விலைக்கு முன்னால் எழுதப்பட வேண்டும். குடியிருப்பை ஒட்டிய மேட்டை முதலில் எடுத்து, தொலைவில் முறையாக வடிவமைத்த இடத்தில் சேர்த்தால், இந்தத் திட்டமே தங்கவயலுக்குக் கிடைத்த மிகப்பெரிய மண்காப்புப் பணியாகவும் மாறக்கூடும். எழுதப்படாவிட்டால் இன்னொரு நூற்றாண்டுக்கு இன்னொரு 'மலை' கிடைக்கும்.

பேரம் பேசுவதற்கு எண்கள் வேண்டும். மேடுகள் ஆண்டுக்கு எவ்வளவு இழக்கின்றன என்பதை அளக்கும் முறை ஏழை மாணவருக்கும் எட்டக்கூடியது. ஒரு முழம் நீள இரும்புக் கம்பியைச் சரிவில் அடித்து, வெளியே நீட்டிநிற்கும் நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலம் முடிந்தபின் மீண்டும் அளந்தால், கூடியிருக்கும் நீளமே கரைந்த மண். உச்சி, நடு, அடி என்று வரிசைக்கு முப்பது கம்பிகள் போதும். தூசிக்கு, வீட்டுக் கூரைகளில் வாயகன்ற வாளிகளை வைத்து மாதந்தோறும் நிறுக்கலாம். உடைமையாளரிடம் முறைப்படி அனுமதி பெறவேண்டும். அதற்கான கடித வரைவு என்னிடம் இருக்கிறது. கட்டடப் பொறியியல், புவியியல், சூழலியல் பயிலும் முதுகலை மாணவர்கள் யாரேனும் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். மாரிக்குப்பம் வரை ரயில் உண்டு. தங்குவதற்கு எங்கள் வீடு இருக்கிறது. கம்பி அடிக்க வருவதாக அந்தப் பெரியவரும் சொல்லியிருக்கிறார். எந்த ஆண்டு எந்தப் பக்கம் கொட்டினார்கள் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.